லாசிக் கோதுமையும் என் தக்காளியும்

அன்புள்ள மீனா,

தையில் நீ எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை ஊருக்கு வரும்போது சேர்த்துத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான். சிகப்பி ஆச்சி இன்னும் உன் மாங்கொட்டை விவகாரத்தை மறக்கவில்லை.

விஷயம் தக்காளிதான். பங்குனியில் நட்ட நாற்பது கன்றும் மதியம் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்து, கடைசியில் மஞ்சளாகிக் குட்டையாகவே நின்றுவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆனியில் ஒன்றைப் பிடுங்கினால் வேரெல்லாம் இஞ்சி மாதிரி முண்டு முண்டாக! பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "கடலை வேரில் முடிச்சு வருமே, அதுதான், நல்லது" என்றார். கடலை முடிச்சு விரலால் தள்ளினாலே உதிருமே. இதில் வேரே வீங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் நூற்புழுவைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். வேருக்குள் புகுந்து இப்படி முண்டு போடவைக்கிற, கண்ணுக்குத் தெரியாத புழுவாமே அது! நூற்புழு தாக்காத ரகம் என்று சொல்லித்தான் கடையில் விதை கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தேன். தக்காளியில் இந்தப் புழுவை எதிர்க்கிற எம்ஐ மரபணு, மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் சரியாக வேலை செய்யாது என்று நீ எழுதியிருக்கிறாய். நம் செம்மண் பங்குனியில் எப்படிச் சுடும் என்று கண்மாய்க்கரையில் செருப்பில்லாமல் ஓடிய உனக்குத் தெரியாதா?

அப்புறம் அந்த லாசிக் கோதுமை. இங்கே யார் கோதுமை விதைக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தை முதலில் மேலோட்டமாகத் தள்ளிவிட்டேன். இப்போது நாலு தடவை படித்தாயிற்று. புழுவை எதிர்க்காத ஆன்சா கோதுமை ரகம் நின்ற மண்ணைவிட லாசிக் நின்ற மண்ணில், பிறகு நட்ட தக்காளி நன்றாக வந்தது என்கிறாய். கோதுமையின் துருநோயைத் தடுக்க லாசிக்கில் சேர்ந்த அதே காட்டுப்புல் குரோமோசோம் துண்டுதான் புழுவை எதிர்ப்பதற்கும் காரணமாமே! புழுவைத் தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு என்பது இப்போதுதான் உறைத்தது. தாங்குகிற ரகம் தன்னளவில் விளைந்துவிடும், ஆனால் வேரில் புழுவைப் பெருக்கிவிட்டுப் போகும். ஒரு பெட்டை நூற்றுக்கணக்கில் முட்டையிடும், அத்தனையும் அடுத்த பயிரின் தலையில். எதிர்க்கிற வேரில் புழு அவ்வளவாகப் பெருக முடியாது.

மீனா, இத்தனை வருஷமாக நான் காய்ப்பைத்தான் பார்த்தேன். மண்ணில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்ததே இல்லை. எள்ளை எடுத்த பிறகுதான் கத்தரி என்று அப்பா பிடிவாதம் பிடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் போனபின் ஐந்து வருஷமாகத் தக்காளி, கத்தரி, வெண்டை என்று மாற்றி மாற்றி நட்டேன். மூன்றுமே இந்தப் புழுவுக்கு விருந்து. அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

கோதுமைக்கு வேண்டிய குளிருக்கு இங்கே எங்கே போவது? அதனால் புழு குறைகிறதா என்று பார்க்கப் பாதிப் பாத்தியில் செண்டுமல்லியும் மறுபாதியில் எள்ளும் விதைத்திருக்கிறேன். மார்கழியில் இரண்டிலும் பத்துப் பத்துத் தக்காளி நட்டு, மாசியில் வேரைப் பிடுங்கி எண்ணுவேன். முடிச்சை எப்படி மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவார்கள் என்று படம் வரைந்து அனுப்பு. இந்த முறை உடனே பதில் எழுதுவேன், சத்தியமாக.

உன்,
வள்ளி