எத்தனை பேரில் என்று கேட்கப் பழக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் எந்தப் பிரிவில் சேரும் பிள்ளைகளும் புள்ளியியலைக் கூடவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்கள் கல்விப் பக்கக் கட்டுரை சொல்லியிருந்தது. கற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாடம் வகுப்பில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். பட்டப்படிப்பில் நிகழ்தகவும் புள்ளியியலும் எனக்குத் துணைப்பாடம். முதல் முறை தோற்றேன். இரண்டாம் முறை சூத்திரங்களை உருப்போட்டு 61 மதிப்பெண் வாங்கினேன். இப்போது என் மகள் முதலாண்டில் அதே பாடத்தைப் படிக்கிறாள்.

போன மாதம் ஓர் இரவு, பேயீஸ் தேற்றக் கணக்கு ஒன்றை (புதிய தகவல் கிடைத்தபின் ஒன்றின் வாய்ப்பு எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் சூத்திரம் அது) முடித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். கணக்கு இதுதான்: ஆயிரத்தில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் இருப்பவரைச் சோதனை தவறாமல் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

"0.0196 வருதும்மா. சரிதானே?"

"சரிதான். அந்த ஆள் ரிப்போர்ட்டோட உன் முன்னால நிக்கிறார்னு வெச்சுக்கோ. அவர்கிட்ட என்ன சொல்லுவ?"

கொஞ்சம் யோசித்தாள். "நோய் இருக்குன்னுதான் சொல்லணும். டெஸ்ட் 95 சதவீதம் கரெக்டாச்சே."

விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். 0.0196 என்றால் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த விடைக்கு நேர்மாறானதைத்தான் வாயால் சொன்னாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய இதே கேள்வியை 1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் பயிற்சி மருத்துவமனைகளில் மாணவர்களும் மருத்துவர்களுமாக 60 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். 27 பேர் 95 சதவீதம் என்றார்கள்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, ஆயிரம் பேரை மனதுக்குள் வரிசையாக நிற்கவைக்கச் சொன்னேன். அவர்களில் நோயாளி ஒருவர். அவருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 999 பேரில் நூற்றுக்கு ஐந்து என்றால் சுமார் 50 பேர். அவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் ரிப்போர்ட்டுடன் நிற்பவர்கள் 51 பேர், அதில் நோயாளி ஒரே ஒருவர். மகள் 51-ஆல் 1-ஐ வகுத்துப் பார்த்தாள். 0.0196. "இதுக்கா ஒரு பக்கம் சூத்திரம் எழுதினேன்!" என்றாள்.

சதவீதத்தில் சொல்வதைவிட இப்படித் தலைகளை எண்ணிச் சொன்னால் கூடுதலானோர் சரியான விடைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதை கெர்ட் கிகெரென்சர், உல்ரிக் ஹாஃப்ராகே என்ற இரு உளவியலாளர்கள் 1995-இலேயே ஆய்வுசெய்து எழுதிவிட்டார்கள். இன்னும் பல வகுப்பறைகளில் கரும்பலகையில் முதலில் எழுதப்படுவது சூத்திரம்தான். எண்ணிப் பார்ப்பது அதற்குப் பிறகும் வருவதில்லை.

இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த அறிகுறியும் இல்லாமல் பொதுப் பரிசோதனைக்கு வந்த ஓர் இளைஞருக்கு முதற்கட்டச் சோதனையில் பாசிட்டிவ் வந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு வந்துருச்சா மேடம்?" என்று கேட்டார். இன்னொரு சோதனை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஏன் எடுக்க வேண்டும், இப்போதைக்கு இந்தத் தாளை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கான கணக்கைத் தேர்வில் நான் முழு மதிப்பெண்ணுக்குப் போட்டிருக்கிறேன். அவர் மறுசோதனை முடிவு வரும்வரை நான்கு நாள் எந்த நிலையில் இருந்திருப்பார் என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதே சோதனை, அதே கருவி. ஆனால் வருபவர்கள் அறிகுறிகளோடு, மருத்துவர் சந்தேகப்பட்டு அனுப்பியவர்கள் என்றால் கதையே வேறு. அப்படி வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் 200 நோயாளிகளுக்கும் பாசிட்டிவ். மீதி 800 பேரில் 40 பேருக்குத் தவறான பாசிட்டிவ். இப்போது 240 பாசிட்டிவில் 200 உண்மை, அதாவது 83 சதவீதம். முன்பு 2 சதவீதம்கூட இல்லாத இடத்தில் இப்போது 83. தாளில் அச்சாகும் சொல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்தச் சொல்லின் எடை, அவர் எந்தக் கூட்டத்திலிருந்து வந்து நிற்கிறார் என்பதில் இருக்கிறது. இதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லை. வேலையில் ஆறேழு ஆண்டு கழித்து நானாகவே கண்டுகொண்டேன்.

பருவத்தின் கடைசியில் கருதுகோள் சோதனை, அதாவது ஓர் ஊகத்தைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம், வருகிறது. அதற்குள் பேயீஸ் தேற்றம் மறந்துபோயிருக்கும். பி மதிப்பு 0.05-க்குக் கீழே, ஆகவே இன்மைக் கருதுகோளை ('வித்தியாசம் எதுவும் இல்லை' என்ற ஊகத்தை) நிராகரிக்கிறோம் என்று எழுதப் பழகிவிடுகிறார்கள். பி மதிப்பு என்றால் என்ன என்று கேட்டால் "கருதுகோள் உண்மையா இருக்கிற வாய்ப்பு" என்கிறாள் என் மகள். அவள் தோழிகளும் அதையேதான் சொல்கிறார்கள். உண்மையில் அது, கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு விலகலோ இதற்கும் மேலோ தரவில் தெரிவதற்கான வாய்ப்பு. மேலே சொன்ன முதல் கணக்கிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். நோய் இல்லாதவருக்குப் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு 0.05. பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 0.98. சொற்களின் வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. எண் எங்கோ போய்விட்டது. இரண்டு பாடமும் ஒரே குழப்பத்தைப் பற்றியவை என்று ஆசிரியர் ஒரு நிமிடம் சொன்னால்கூடப் போதும். ஆராய்ச்சியாளர்களே இதில் தடுமாறுவதால்தான் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி மதிப்பைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. பி மதிப்பு என்பது கருதுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவு அல்ல என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வகுப்பறைத் தவறுதானே என்று விட்டுவிட முடியாது. 1999-இல் இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் திடீரென இறப்பது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கி வந்த எண் அது. இரண்டு இறப்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அப்படிப் பெருக்க முடியும். ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளை அப்படி எடுத்துக்கொள்ள என்ன ஆதாரம்? அந்த எண் சரியென்றே வைத்தாலும், அது அவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு ஆகாது. ஒன்றையொன்று சாரா நிகழ்ச்சிகள், நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்திருக்கிறது என்று தெரிந்தபின் இன்னொன்றுக்கான வாய்ப்பு): முதலாண்டுப் பாடத்தின் இரண்டு அத்தியாயங்கள். அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று ராயல் புள்ளியியல் சங்கம் 2001-இல் பகிரங்கமாக அறிவித்தது. 2003-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். அதற்கு முதன்மையான காரணம், வழக்காடியவர்களிடம் காட்டப்படாமல் இருந்த நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்பதால் இந்தக் கடைசி விவரத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. நான்கு ஆண்டுகளில், 2007-இல், அவர் இறந்துபோனார்.

சாரா நிகழ்ச்சிகள் என்றதும் இன்னொன்று. மகளிடம் நாணயத்தைத் தராமல், 100 முறை சுண்டியதுபோல் தலை, பூ என்று மனதிலிருந்து எழுதச் சொன்னேன். பக்கத்து அறையில் நான் உண்மையாகவே 100 முறை சுண்டி எழுதினேன். அவள் தாளில் எங்கேயும் ஒரே பக்கம் மூன்று முறைக்கு மேல் தொடரவில்லை. என் தாளில் ஓரிடத்தில் பூ ஏழு முறை அடுத்தடுத்து விழுந்திருந்தது. "நீ ஏமாத்துற" என்றாள். பிறகு தானே நாணயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் ஆறு தலை தொடர்ந்து வந்தது. 100 சுண்டலில் ஒரே பக்கம் ஐந்து முறைகூடத் தொடர்ந்து விழாமல் போவதுதான் அரிது. நாணயத்துக்கு நினைவு கிடையாது என்பதை அவள் அன்று விரல் வலிக்க உணர்ந்தாள். இதற்குச் செலவானது அரை மணி நேரம்.

பெரிய வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், திருத்த வேண்டிய கட்டுக்கட்டான விடைத்தாள் என்று ஆசிரியர்களுக்கு இருக்கும் நெருக்கடி எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தையே மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நிரல் எழுதவும் சொல்லிக்கொடுங்கள், நல்லதுதான். கணினி அந்த 0.0196-ஐ நொடியில் தந்துவிடும். அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்பதை மனிதர்தான் கற்றுத்தர வேண்டும்.

எனவே, உங்கள் நாளிதழை வாசிக்கும் புள்ளியியல் பேராசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும்போது, பேயீஸ் தேற்றக் கணக்கின் அடியில் ஒரு வரி சேருங்கள்: 'இந்த விடையை, ரிப்போர்ட்டுடன் உங்கள் முன் நிற்பவருக்குப் புரியும்படி, சூத்திரமோ சதவீதமோ இல்லாமல், இரண்டு வாக்கியங்களில் எழுதுக.' அதற்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். மதிப்பெண் இருந்தால் பிள்ளைகள் படிப்பார்கள். பிள்ளைகள் படிப்பார்கள் என்றால் வகுப்பிலும் அது நடத்தப்படும்.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூடப் பணியாளர் ஒருவர்