அழுத்தினால் போதும் என்கிறீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பித்தளைப் பாத்திரங்களுக்கு வீட்டிலேயே மெருகேற்றுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். மோட்டாரில் துணிச் சக்கரத்தை மாட்டி, மெழுகுக் கட்டியைத் தாராளமாகத் தேய்த்து, பாத்திரத்தை அழுத்திப் பிடித்தால் போதுமாம். பாத்திரத்துக்குப் பேர்போன எங்கள் அனுப்பர்பாளையத்தில் யாரும் இதை நம்பப்போவதில்லை. நம்பிச் செய்து பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மெழுகு பளபளப்பைத் தருவதில்லை. தூளைச் சக்கரத்தில் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. பித்தளைக்கும் செம்புக்கும் போடும் பழுப்புக் கட்டியில் இருப்பது டிரிப்போலி என்ற சிலிக்காக் கல்லின் தூள். எவர்சில்வருக்கான பச்சைக் கட்டியில் குரோமியம் ஆக்சைடு. உரசும் சூட்டில் மெழுகு இளகுகிறது, தூள் உலோகத்தைச் சுரண்டுகிறது. கட்டியைத் தாராளமாகத் தேய்த்தால் கறுப்புப் பிசுக்குத்தான் படியும். அழுத்த அழுத்தப் பாத்திரம் சூடேறி நிறம் மாறும். தொட்டுத் தொட்டுக் கொஞ்சமாகப் போட வேண்டும். பழுப்புக்கு ஒரு சக்கரம், பச்சைக்கு வேறு சக்கரம்.

பாத்திரத்தை எங்கே பிடிப்பது என்று கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. சக்கரத்தின் முகப்பு நம்மைப் பார்த்து மேலிருந்து கீழே சுற்ற வேண்டும். பாத்திரம் நடு அச்சுக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். வாய் விளிம்பைச் சக்கரத்துக்கு எதிராக நீட்டினால் பிடுங்கி எறிந்துவிடும். எட்டு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இதில் துணிக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வதைப் போல ஆபத்தான யோசனை வேறில்லை. கையுறை சிக்கினால் விரலும் கூடவே போகும். முந்தானை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கயிறு எதற்கும் இதே கதிதான்.

ஈயம் பூசிய போசிப் பாத்திரத்தின் உட்புறத்தைச் சக்கரத்தில் காட்டவே கூடாது. பூச்சு போய்விட்டால் புளி பட்டதும் பித்தளையிலுள்ள செம்பு குழம்பில் இறங்கும். சீர்வரிசைத் தவலைகளின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரும் அப்படித்தான். அந்தப் புள்ளிகள் ஆழமானவை அல்ல. இரண்டு மூன்று முறை பாலிஷ் போட்டாலே எழுத்தின் கால்கள் மழுங்கி, கொடுத்தவர் பெயரையும் தேதியையும் படிக்க முடியாமல் போய்விடும். இவற்றுக்குப் புளியும் சாம்பலும் போதும், கை கொஞ்சம் வலிக்கும்.

இனி தூசு. பாத்திரத்தைச் சுரண்டுகிற அதே சிலிக்காத் தூள்தான் சக்கரத்திலிருந்து கிளம்பி மூச்சில் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிக்கோசிஸ் நோயைத் தீர்க்க மருந்து கிடையாது. முகத்தில் கட்டும் துண்டு நுண்ணிய தூசைத் தடுக்காது. தூசு கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொன்னது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ஒரு மோட்டாரும் மூன்று ஆட்களுமாக நடக்கும் பட்டறைக்கு உறிஞ்சு குழாய் எங்கிருந்து வரும்?

அலுமினிய வார்ப்புகளுக்குப் பாலிஷ் போடும் கோவைப் பட்டறைக்காரர்களுக்குக் கவலை இன்னும் ஒன்று அதிகம். அலுமினியத் தூசு காற்றில் மிதந்தால் வெடிக்கும். 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷானில் கார்ச் சக்கரங்களுக்குப் பாலிஷ் போடும் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது இப்படித்தான்.

உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடியும் இல்லை, முகமூடியும் இல்லை. தவலை மட்டும் நன்றாக மின்னுகிறது. அடுத்த முறை படமெடுக்க வருபவரை வெள்ளைச் சட்டையில் அனுப்பிவையுங்கள். அரை மணி நேரம் உள்ளே நின்றுவிட்டு, அந்தச் சட்டையையும் ஒரு படம் எடுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
பாலிஷ் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.