கணக்கைக் காட்டிவிட்டுக் காசு கேளுங்கள்: ஒரு நர்சிங் கல்லூரிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும், சேர்க்கைக் குழுவினருக்கும், நிதியுதவி அலுவலகத்தாருக்கும்,

வணக்கம். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் உங்கள் நேரடி முதுகலை நர்சிங் படிப்பில் ஆகஸ்டு வகுப்புக்கு எனக்கு இடம் தந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. இடத்தை உறுதி செய்ய இரண்டு வாரத்துக்குள் 1,000 டாலர் டெபாசிட் கட்ட வேண்டும், கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்று வாழ்த்துக்கு அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறீர்கள். நிதியுதவிக் கடிதம் எப்போது வரும் என்று போனில் கேட்டேன். “ஜூன் நடுவில் வரலாம்” என்றார்கள். டெபாசிட்டுக்குக் கெடு மே முதல் வாரம்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நிதியுதவிக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு டெபாசிட் கேளுங்கள்.

இதையே ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுதினேன். என் மின்னஞ்சல் உங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு தானியங்கி பதில் உடனே வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆகவே தமிழிலும் எழுதிவிடுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்து, வேலைக்குப் போக முடியாமல் வருடங்களைக் கழித்து, கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு “இனி நர்சிங் படிக்கலாமா?” என்று எடிசனிலும் டாலஸிலும் யோசித்துக்கொண்டிருக்கும் பெண்களாவது படிக்கட்டும். ஃபெடரல் கடன், அதாவது அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன், கேட்கும் தகுதியே எங்களுக்கு அந்தக் கார்டோடுதான் வந்தது. வந்த நேரத்தில் கடன் விதி மாறிவிட்டது.

விதி மாறிய கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, பட்டமேற்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் கிடையாது. முதுகலை மாணவருக்கு வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர், அவ்வளவுதான். ஜூலைக்கு முன்பே வகுப்பில் சேர்ந்து கடனும் வாங்கிவிட்டவர்களுக்குக் கொஞ்ச காலம் பழைய விதியே தொடரும். மே கடைசியில் வகுப்பு தொடங்கும் கல்லூரியில் சேர்ந்த என் தோழி அந்தப் பக்கம், ஆகஸ்டில் தொடங்கும் உங்கள் கல்லூரியில் சேரப்போகும் நான் இந்தப் பக்கம். இருவரும் நர்ஸ் உரிமத்துக்காக எழுதப்போவது ஒரே என்கிளெக்ஸ் பரீட்சைதான்.

இது உங்கள் குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எனக்கு அனுப்பிய கையேட்டில் “செலவுக்கு வழி” என்ற பக்கத்தில் இன்னமும் கிராட் பிளஸ்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது. அது உங்கள் பொறுப்பு.

இப்போது கோடை செமஸ்டருக்கு வருகிறேன். உங்கள் படிப்பு 16 மாதம்: ஆகஸ்டில் ஒரு செமஸ்டர், ஜனவரியில் ஒன்று, மே கடைசியில் ஒன்று, மறுபடி ஆகஸ்டில் ஒன்று. கடன் வரம்போ கல்வியாண்டுக் கணக்கு. முதல் இரண்டு செமஸ்டரிலேயே 20,500 டாலரும் கரைந்துவிடும். கரைந்துவிடும் என்பதே மரியாதைக்காகச் சொல்வது. உங்கள் கட்டணத்துக்கு அது முதல் செமஸ்டரையே முழுதாகத் தாண்டாது. மே மாதம் வரும்போது அந்த ஆண்டுக்கான கடன் தீர்ந்திருக்கும். அடுத்த ஆண்டுக் கணக்கு ஆகஸ்டில்தான் தொடங்கும். நடுவில் இருக்கும் கோடைக்கு ஃபெடரல் கடன் ஒரு டாலர்கூட இல்லை.

அந்தக் கோடையில்தான் உங்கள் பாடத்திட்டத்திலேயே கனமான கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும். “இந்தப் படிப்பின்போது வேலைக்குப் போவதைக் கல்லூரி ஊக்குவிப்பதில்லை” என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் இப்போது ஒரு மருத்துவமனையில் நர்சிங் உதவியாளராக இருக்கிறேன். அந்தச் சம்பளமும் நின்றுவிடும். கடன் இல்லை, சம்பளம் இல்லை, ஆனால் கோடைக்கும் கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஆகஸ்டுக்குப் பதிவு செய்ய முடியாது.

முன்பெல்லாம் இந்த இடைவெளியை கிராட் பிளஸ்தான் நிரப்பியது. 2006-லிருந்து இருந்த கடன் அது. படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு வரைக்கும் வாங்கலாம். சும்மா அள்ளித் தரவில்லை, 4 சதவீதத்துக்கு மேல் கட்டணம் பிடித்துக்கொண்டுதான் கைக்குத் தந்தார்கள். இருந்தாலும் கோடைக்கு எங்கே போவது என்ற கேள்வி அப்போது இல்லை. இப்போது தனியார் கடன் என்கிறார் உங்கள் அலுவலர். அதற்குக் கோ-சைனர், அதாவது கடனுக்குப் பொறுப்பேற்றுக் கூடக் கையெழுத்துப் போடுகிறவர், வேண்டும். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் என் கணவரின் கையெழுத்து போதுமா, எத்தனை சதவீத வட்டி என்பதெல்லாம் விண்ணப்பித்த பிறகுதான் தெரியும். விண்ணப்பிக்க எவ்வளவு குறைகிறது என்று தெரிய வேண்டும். எவ்வளவு குறைகிறது என்பது உங்கள் நிதியுதவிக் கடிதத்தில் இருக்கும். அந்தக் கடிதம் ஜூனில் வரும். டெபாசிட் மே முதல் வாரம்.

எங்கள் ஊரில் கல்யாண மண்டபக்காரர்கள்கூட வாடகை எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவு, பாத்திரத்துக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குவார்கள்.

தனிப்பட்ட சலுகை எதுவும் நான் கேட்கவில்லை. இந்த நாட்டில் இதற்கு வழக்கமே இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இளங்கலைக்குச் சேரும்போது, எல்லாக் கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களையும் மேஜையில் பரப்பிவைத்து ஒப்பிட்டுவிட்டு மே 1-க்குள் பதில் சொல்வது காலங்காலமாக நடக்கிறது. உதவித்தொகையோடு முனைவர் படிப்புக்கு அழைக்கப்படுகிறவர்களை ஏப்ரல் 15-க்கு முன் முடிவெடுக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று பட்டப்படிப்புப் பள்ளிகள் தங்களுக்குள் ஒரு தீர்மானமே வைத்திருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு படிக்கப்போகிறவருக்கு அந்த அவகாசம். பணம் கட்டிப் படிக்கப்போகிற எங்களுக்கு இரண்டு வாரம், அதுவும் எவ்வளவு என்று சொல்லாமல்.

ஏற்கெனவே ஆன செலவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நர்சிங்கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் கட்டணம். என் தமிழ்நாட்டு மதிப்பெண் பட்டியலை மதிப்பிட்டுத் தரும் நிறுவனத்துக்குக் கட்டணம். அதற்கு முன், பல்கலைக்கழகத்தில் உறையை ஒட்டி முத்திரை வைத்து வாங்குவதற்காகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறைக்கும் கவுண்டருக்கும் என் தம்பி நடந்த நடை. அது எந்த ரசீதிலும் வராது. இவ்வளவும் போக, நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. முன்தேவைப் பாடங்களில் மைக்ரோபயாலஜி இருக்கிறது. ஆனால் நான் படித்தது வெளிநாட்டில், அதுவும் படித்து ஏழு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்பதால் செல்லாது என்றீர்கள். கம்யூனிட்டி கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்து, என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பாக்டீரியாவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கிராம் ஸ்டெயின் செய்தேன். பாக்டீரியா இத்தனை வருடத்தில் அப்படியொன்றும் மாறிவிடவில்லை.

அமெரிக்கக் கல்வித்துறை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுச் சட்டத்தில் “தொழில்முறைப் பட்டம்” என்று ஒரு வகை இருக்கிறது. அதில் சேர்ந்தால் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரை கடன் வாங்கலாம். கல்வித்துறை வரைந்த பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், மருந்தியல் எல்லாம் உண்டு. கால்நடை மருத்துவம் உண்டு. முதுகெலும்பை நெட்டி முறிக்கும் கைரோபிராக்டிக் உண்டு. இறையியல்கூட உண்டு. நர்சிங் இல்லை. உயிர் பிரிந்த பிறகு ஜெபிக்கிறவரின் படிப்பு தொழில்முறைப் படிப்பு; உயிர் பிரியாமல் இரவெல்லாம் டிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளின் படிப்பு அந்த வரிசையில் வராது. (போதகர்கள் மன்னிக்க வேண்டும். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.) 2020-ல் நியூயார்க்கில் மாலை 7 மணியானால் ஜன்னல் ஜன்னலாக நின்று நர்சுகளுக்காகக் கைதட்டினார்கள், பாத்திரம் தட்டினார்கள். கைதட்டலுக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை.

நர்சிங் மாணவர்களில் 95 சதவீதம் பேர் வருடாந்திர வரம்புக்குள்தான் கடன் வாங்குகிறார்கள், ஆகவே பாதிப்பில்லை என்கிறது கல்வித்துறை. ஏற்கெனவே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) ஆகி, சம்பளம் வாங்கிக்கொண்டே ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று மேற்படிப்பு படிக்கிறவர்களையும் சேர்த்து எண்ணினால் அப்படித்தான் வரும். வேலையை விட்டுவிட்டு, நான்கு செமஸ்டரையும் மூச்சுவிடாமல் படிக்கிற எங்களைப் போன்றவர்கள் மிச்சமுள்ள அந்த ஐந்து சதவீதத்தில் இருக்கிறோம். வரம்பு வைத்தால் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்கும் என்றும் சொல்கிறார்கள். நீங்கள் குறைக்கப்போகிறீர்களா? டெபாசிட்டுக்கு முன்பே தெரிந்தால் வசதியாக இருக்கும்.

“அப்படியென்றால் இரண்டாவது இளங்கலையாகத் துரித பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) படியுங்களேன்” என்றார் உங்கள் ஆலோசகர், நல்லெண்ணத்தோடுதான். ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்கு, இளங்கலை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை கிடையாது. இளங்கலைக் கடன் வரம்பு வருடத்துக்கு 12,500 டாலர், இதைவிடவும் குறைவு. நர்சிங் மாணவருக்கு மத்திய அரசு தரும் நர்ஸ் கோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை, மனமாரச் செய்வேன். ஆனால் அது கிடைத்தால் கிடைத்தது. அதை நம்பி, திரும்பி வராத 1,000 டாலரைக் கட்ட முடியாது.

கோபம் எங்கெங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கல்வித்துறையை உங்களால் மாற்ற முடியாது. கெடுவை மாற்ற உங்களால் முடியும், அதற்கு வாஷிங்டனில் யார் கையெழுத்தும் தேவையில்லை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஆகஸ்டு வகுப்புக்கு இடம் கிடைத்த எல்லோருக்கும் நிதியுதவிக் கடிதம் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து டெபாசிட் கெடுவை வையுங்கள். அந்தக் கடிதத்தில் நான்கு செமஸ்டருக்கும் தனித்தனியாக, கோடையையும் சேர்த்து, கட்டணம் எவ்வளவு, ஃபெடரல் கடன் எவ்வளவு, நாங்கள் கையிலிருந்து போட வேண்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். சீருடை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு, கடைசியில் என்கிளெக்ஸுக்குக் கட்டும் 200 டாலர் வரை அதில் இருக்கட்டும். கடிதம் தாமதமானால் கெடுவையும் தள்ளி வையுங்கள். அதுவும் முடியாதென்றால், கடிதத்தைப் பார்த்துவிட்டு விலகுகிறவர்களுக்கு டெபாசிட்டைத் திருப்பித் தாருங்கள். கணக்கைக் காட்டிவிட்டுக் காசு கேளுங்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பதிலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். போனில் கூப்பிடுவதானால் மதியம் மூன்றரைக்குப் பிறகு கூப்பிடுங்கள். அதுவரை வார்டில் இருப்பேன், எடுக்க முடியாது. கெடு முடிவதற்குள் கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஆகஸ்டு வகுப்புக்கு இடம் கிடைத்த ஒருத்தி,
நியூ ஜெர்சி