எத்தனை வாட்ஸ் என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண வரவேற்பில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, கச்சேரிக்காரர்கள் காதைக் கிழிக்கிறார்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கச்சேரிக்காரர்களில் நானும் ஒருத்தி. திண்டுக்கல் பக்கம் ஆறு பேர் சேர்ந்த மெல்லிசைக் குழுவில் 22 வருடமாகப் பாடுகிறேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் மைக்குக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

எங்களைக் கூப்பிடுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே, "எத்தனை பெட்டி வைப்பீங்க, எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். என்ன பாடுவோம் என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்களும் ஏமாந்தோம். அதுவரை சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியில் பாடிக்கொண்டிருந்தவர்கள், சீட்டுப் பணத்தை எடுத்து 15 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு வாங்கினோம். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகை. அட்டைப்பெட்டி மேல் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டார், கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. என் கணவருக்குக் கீபோர்டு தெரியும், எனக்குக் குரல் தெரியும். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

நத்தம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் குட்டு உடைந்தது. டோலக்கும் ரிதம் பேடும் இடி மாதிரி விழுந்தன. நான் பாடிய வார்த்தை ஒன்றும் வெளியே போகவில்லை. பாட்டு முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருவர், "என்னத்தா பாடுன?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். சரி என்று மொத்தச் சத்தத்தைக் கூட்டும் மாஸ்டரை ஏற்றினோம். பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு மேல் சத்தம் கூடவில்லை, கரகரப்புதான் கூடியது.

அந்த 2000 என்பது ஒரு கண நேரத்துக்கு எகிறும் உச்சம். தொடர்ந்து கொடுப்பது பெரும்பாலும் அதில் பாதி, சில பெட்டிகளில் அதற்கும் கீழே. அப்படியே நிஜமாக இருந்தாலும் 1000 வாட்ஸை 2000 ஆக்கினால் சத்தத்தின் அளவுகோலில் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் இறங்கிவிடும். பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் 120 இருந்தால் 16 மீட்டரில் 96. ஆகவே வாட்ஸை விட்டுவிட்டு, அதிகபட்சம் எத்தனை டெசிபல், மேல் ஸ்தாயி ஒலியை வெளியே வீசும் ஹார்ன் எத்தனை டிகிரி விரிகிறது என்று கேளுங்கள்.

இரண்டாம் தடவை மதுரையில் ஒரு கடைக்குப் போனபோது என் மைக்கையும் மைக், கீபோர்டு சத்தங்களை ஒன்றாகக் கலக்கும் எங்கள் சின்ன மிக்சரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். நான் ஒயரைச் செருகிவிட்டு, "யார் தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை" என்று சொல்ல ஆரம்பித்ததும்தான் திரும்பினார். ஸ்டுடியோவில் செதுக்கி வைத்த பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். இந்த 'தச்ச சட்டை' இருக்கிறதே, அது பெட்டியின் யோக்கியதையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பெட்டியில் 'ச்ச' வெறும் சீறலாக வந்தது. இன்னொன்றில் 'த' எது 'ட்ட' எது என்றே தெரியவில்லை. 12 இன்ச் பெட்டி ஒன்றில் மட்டும் கடையின் கடைசி மூலையில் நின்ற என் கணவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அதையே இரண்டாக எடுத்தோம். பெட்டி 42 ஆயிரம். பழைய 15 இன்ச்சைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது 16 கிலோ, அறுபது வயது தபேலாக்காரர் ஒருவரே ஸ்டாண்டில் ஏற்றுகிறார். டோலக்குக்கும் பேஸ் கிட்டாருக்கும் பின்னாளில் அடி ஒலிக்கென்றே உள்ள 18 இன்ச் சப்வூஃபர் பெட்டி ஒன்று சேர்த்தோம். எல்லாம் குட்டியானையில் அடங்கிவிடும்.

பவர்டு பெட்டியிலும் வில்லங்கம் உண்டு. உள்ளே ஆம்ப்ளிஃபயர் போய்விட்டால் பெட்டியே படுத்துவிடும், தனி ஆம்ப்ளிஃபயர் மாதிரி மாற்றி மாட்ட முடியாது. எங்களுடைய பழைய பெட்டி ஒன்று ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கியதில் நின்று, சர்வீஸுக்குப் போய் 23 நாள் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் மூன்று கச்சேரி. இப்போது வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, விலைக்கு முன்னால் சர்வீஸ் எந்த ஊரில் என்று விசாரியுங்கள். எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியின் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. ஒருமுறை பெட்டி 'ம்ம்ம்' என்று இரைந்ததால், மண்டபத்து எலக்ட்ரீஷியன் தம்பி பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைத்துவிட்டார். இரைச்சல் நின்றது. நான் பாட ஆரம்பித்து மைக்கின் வலையில் உதடு பட்டதும் சுருக்கென்று இழுத்தது. பல்லெல்லாம் கூசியது. மேடை மழையில் நனைந்திருந்து, நான் வெறுங்காலோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத இருந்திருக்க மாட்டேன். இரைச்சலுக்கு வைத்தியம் இரைச்சலைத் தடுக்கும் எக்ஸ்எல்ஆர் ஒயர், கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் மாட்டும் டிஐ பாக்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட். பின்னை உடைப்பது இல்லை.

வாசகர் சொன்ன காது கிழிகிற சங்கதிக்கு வருகிறேன். பூ அலங்காரமும் போட்டோவும் கெடும் என்று மண்டபக்காரர்கள் ஸ்பீக்கரை எங்களுக்குப் பின்னால் தள்ளச் சொல்வார்கள். பெட்டிச் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து ஊய்ங் என்று கூவும். தரையில் உட்கார வைத்தால் முன்வரிசைக்காரர் நெஞ்சில் மோதும், பின்வரிசைக்குப் போகாது. பின்வரிசை "கேக்கல" என்று கையாட்டும், நாங்கள் ஏற்றுவோம், முன்வரிசை காதைப் பொத்தும். டைல்ஸ் தரையும் தகரக் கூரையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மைக்குகளுக்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் ஹார்ன் வருகிற மாதிரி ஸ்டாண்டில் நிறுத்தினால் பாதிச் சத்தத்திலேயே வேலை முடியும். எனக்கென்று ஒரு 10 இன்ச் பெட்டியை மைக்கின் முதுகுப்பக்கம் வைத்தால் என் குரல் எனக்குக் கேட்கும், நானும் கத்த மாட்டேன். முன்பெல்லாம் முகூர்த்த மாதம் முடியும்போது தொண்டை கட்டிக்கொள்ளும்.

சத்தத்தைக் குறை என்றுதான் சட்டமும் சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அதைவிட 10 வரை கூடலாம், ஆக 65. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் வைக்கவே கூடாது, அரசு விலக்கு தரும் சில நாட்களைத் தவிர. இதில் யாருக்கு 2000 வாட்ஸ்?

மண்டபக்காரர்களுக்கும் விழாக் கமிட்டியாருக்கும் என் வேண்டுகோள் இரண்டுதான். உருப்படியான எர்த் உள்ள பிளக் பாயின்ட் கொடுங்கள். விருந்தினர் வருமுன் அரை மணி நேரம் மேடையை எங்களிடம் விடுங்கள். மைக்கில் ஒருவர் பேச, ஒருவர் கடைசி வரிசை வரை நடந்து பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு பக்கம் ஒரு வரவேற்பு. எர்த் இருக்கிறதா என்று இன்று காலை மண்டபத்துக்குப் போன் போட்டேன். "பாத்துச் சொல்றேம்மா" என்ற மேனேஜர், "அது இருக்கட்டும், எத்தன பெட்டி கொண்டு வர்றீங்க?" என்றார்.

மெல்லிசைக் குழுப் பாடகி,
சின்னாளபட்டி, திண்டுக்கல் மாவட்டம்