எந்தப் படங்களை நீக்கினார்கள் என்று கேளுங்கள்

மூளைப் படிம ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். மூளை இயங்குவதை அடுத்தடுத்த படங்களாக எடுக்கும் ஸ்கேன்தான் எஃப்எம்ஆர்ஐ; அதன் தரவை அலசுவதுதான் என் அன்றாட வேலை. "தலை அசைந்த படங்களை நீக்கிவிட்டோம்" என்ற ஒற்றை வரியோடு வரும் கட்டுரைகளை இனி அப்படியே ஏற்காதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் எச்சில் விழுங்கினாலே தலை லேசாக நகர்ந்துவிடும். அந்தச் சின்ன அசைவு என்ன செய்யும் என்பதை 2012-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். மூளையின் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு, அதாவது அவை சேர்ந்து இயங்கும் அளவு, கூடியதுபோலவும் தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு குறைந்ததுபோலவும் தெரியும். சிறுவர்கள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆக, வளர வளர நெடுந்தொலைவுத் தொடர்புகள் வலுப்பெறுகின்றன என்று அதுவரை பேசியதில் ஒரு பங்கு வெறும் அசைவின் வேலை.

அவுட்லையர் படங்களை, அதாவது மற்றவற்றோடு ஒட்டாமல் விலகி நிற்பவற்றை, பிடிக்கும் மென்பொருள்கள் இன்று பரவலாக இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே அளவுகோல் வைத்திருக்கவில்லை. எஃப்எஸ்எல் என்ற மென்பொருள் தொகுப்பின் மோஷன் அவுட்லையர்ஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால், அந்த ஒருவருடைய ஸ்கேனில் உள்ள எண்களை வைத்தே அது வரம்பு கட்டும்: மேல் கால்மானம் (முக்கால்வாசி எண்கள் இதற்குக் கீழே இருக்கும்), அதன்மேல் கால்மான இடைவீச்சைப்போல் (நடுப் பாதி எண்களின் பரப்பு) ஒன்றரை மடங்கு. அசையாமல் கிடந்தவர் ஒரே ஒரு தடவை இருமினால் அந்தப் படம் மாட்டிக்கொள்ளும். ஸ்கேன் முழுக்க நெளிந்தவருக்கோ வரம்பே மேலே ஏறிவிடும், மோசமான படங்கள் பலவும் தப்பிவிடும். எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற மென்பொருள் அப்படியில்லை. நாம் வரம்பை மாற்றாவிட்டால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தலை 0.5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் குறித்துவிடும், யாராக இருந்தாலும் சரி. ஆஃப்னி என்ற தொகுப்பின் கருவி இன்னொரு வழியில், ஒவ்வொரு படத்திலும் எத்தனை வாக்சல்கள் (படத்தை ஆக்கும் சின்னச் சின்னக் கனப் புள்ளிகள்) தறிகெட்டுப் போயின என்று எண்ணுகிறது. ஒரே ஸ்கேனுக்கு மூன்றும் மூன்று பட்டியல் தரலாம்.

இதை நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரம்பை இறுக்கினால் முதலில் வெளியே போகிறவர்கள் கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளும், நடுக்கம் உள்ள முதியவர்களும்தான். யாரைப் பற்றி அறிய ஆய்வு தொடங்கியதோ, அவர்களே குறைந்துபோகிறார்கள். மிஞ்சுவது அசையாமல் படுக்கத் தெரிந்தவர்களின் மூளை. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மனித மூளை வரைபட அமைப்பின் கோபிடாஸ் அறிக்கை (படிம ஆய்வுகளை எப்படிச் செய்து, எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற வழிகாட்டி) 2016-லேயே இத்தகைய விவரங்களைத் தெரிவிக்கச் சொல்லிவிட்டது. ஆனால் அது பரிந்துரைதான். கட்டாயமாக்க உங்களால் மட்டுமே முடியும். கருவியின் பெயர், பதிப்பு எண், வைத்த வரம்பு, ஒவ்வொருவருக்கும் மிஞ்சிய நிமிடங்கள், எந்தக் குழுவில் எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள்: இணைப்பில் ஓர் அட்டவணை போதும். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கருவிகளே கோப்பில் எழுதிவைக்கின்றன, யாருக்கும் கூடுதல் சுமை இல்லை. அந்த அட்டவணை இல்லாத கட்டுரையை மதிப்பாய்வாளருக்கு அனுப்பும் முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூளைப் படிமத் தரவு ஆய்வாளர் ஒருவர்