பெருமை தொலைநோக்கிக்கு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நியூட்ரான் விண்மீன் கட்டுரையை விரும்பிப் படித்தேன். பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்த்தியான அந்த உருண்டையின் மேல் நிகழும் எக்ஸ்-கதிர் வெடிப்புகளை அழகாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் பெருமை முழுவதும் விண்வெளித் தொலைநோக்கிகளுக்கே போய்விட்டதில் எனக்கு வருத்தம். ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் தொலைநோக்கி காட்டும். ஏன் அப்படி இறங்குகிறது என்று தெரிய அணுக்கரு ஆய்வகம் வேண்டும்.

துணை விண்மீனிடமிருந்து இழுத்த ஹைட்ரஜனும் ஹீலியமும் நியூட்ரான் விண்மீனின் மேல் படிந்து, நசுங்கிச் சூடேறி, ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்கின்றன. சில நொடிகளில் உச்சம். அடங்குவதற்கு ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் அணுக்கருக்கள் புரோட்டான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கனமாகிக்கொண்டே போகின்றன. ஜெர்மேனியம்-64 (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து 64) வந்ததும் சிக்கல்: அது சிதைந்து மாறும்வரை காத்திருக்க வேண்டும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கருக்கள் சிதைவதற்கு ஆகும் நேரம், சுமார் 64 நொடி. வெடிப்பே நூறு நொடிதான் என்றால் இது எவ்வளவு பெரிய தாமதம்! காத்திருக்காமல் இன்னொரு புரோட்டானைச் சேர்த்து ஆர்செனிக்-65 ஆகலாம். ஆனால் சேர்ந்த புரோட்டான் உடனே கழன்றுவிடும். கழல்வதற்குள் மற்றொன்றும் வந்து சேர்ந்தால் செலினியம்-66 ஆகித் தாண்டிவிடலாம். இது எவ்வளவு எளிதில் நடக்கும் என்பது இந்த அணுக்கருக்களின் நிறையைப் பொறுத்தது.

ஒரு நொடிகூடத் தங்காத ஆர்செனிக்-65இன் நிறையை எப்படி அளப்பது? சீனாவின் லான்சோ நகரில் உள்ள நவீன இயற்பியல் நிறுவனத்தில் அதைச் செய்தார்கள். கிரிப்டான் அணுக்கருக்களைப் பெரிலியத்தில் மோதவிட்டு, சிதறியவற்றைச் சுமார் 129 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஓடவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை வைத்து நிறையைக் கணக்கிட்டார்கள். ஜெர்மேனியம்-64 பெரிய தடை இல்லை என்றது 2011ஆம் ஆண்டின் அளவீடு. 2023இல் வெளியான இன்னும் துல்லியமான அளவீடு, அங்கே தாமதம் கூடுதல்தான் என்று திருத்தியது. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம்போல் வெடித்துவந்த ஜி.எஸ். 1826-24 என்ற நியூட்ரான் விண்மீனுக்கு இந்தப் புதிய நிறைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அது முன்பு கருதியதைவிடச் சற்றுத் தொலைவில் இருக்க வேண்டும், அடர்த்தியும் கொஞ்சம் குறைவு என்று தெரியவந்தது. பூமியில் ஒரு வளையத்துக்குள் எடுத்த அளவீடு, தொலைதூர விண்மீனைப் பற்றிய கணக்கை மாற்றிவிட்டது!

நம் நாட்டின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் இத்தகைய வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் விண்மீன்களில் நடக்கும் அணுக்கரு வினைகளை ஆராயும் அணுக்கரு வானியற்பியலுக்கென்றே ஒரு முடுக்கி (துகள்களை வேகப்படுத்தும் கருவி) இருக்கிறது. அடுத்த கட்டுரையில் இரண்டையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இயற்பியல் ஆசிரியை,
விருதுநகர்.