அத்தானுக்கு, அந்த ஜி நோட்டைப் பற்றி

அத்தான்,

இனி பேஸ் கிட்டார் வாசிக்கிறல்ல எண்டு முடிவெடுத்திட்டீங்களாம், அக்கா சொன்னா. இடக்கைச் சின்ன விரல் விறைக்குதாம் எண்டும் சொன்னா. எனக்கு நீங்க சொல்லல்ல, அது இருக்கட்டும். அண்டைக்கு ராவைக்கு நித்திரை வரல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, 2013-ல, மட்டக்களப்பில கல்லடிப் புதுப்பாலம் திறந்த வருசம், என்ட அறையில வந்து நீங்க வாசிச்ச அந்தப் பாட்டைத் திறந்தன்.

சுத்தி வளைக்காமச் சொல்றன். வெளியில வந்த பாட்டில கேக்கிற பேஸ் உங்கட இல்ல. உங்கட ட்ராக்கை மியூட் பண்ணிப்போட்டு கீபோர்டில நான் தட்டினது. சீடி மட்டையில மட்டும் பேஸ் கிட்டார் எண்டு உங்கட பேர்.

இதை உங்களுக்கு மட்டும் தனியச் சொல்லியிருக்கலாம். ஆனா பேரைப் போட்டது ஊருக்குத் தெரியத்தானே, இதுவும் தெரியட்டும்.

காரணம் இருந்திச்சு. காசு போட்டவர் வெளிநாட்டில இருந்து ராவு ரெண்டு மணிக்கு எடுத்து, "பேஸ் ஒரு இடத்தில நிக்குது, ஒரு இடத்தில காணாமப் போகுது" எண்டார். அவர் சொன்னது சரி. பாட்டு சி சுருதியில. ஒவ்வொரு வரி முடியக்குள்ளயும் ஜி-க்கு இறங்கி சி-க்குத் திரும்புது. மற்ற நோட்டெல்லாம் கல்லு மாதிரி. அந்தத் தாழ்ந்த ஜி மட்டும், ஈ கம்பியில மூண்டாவது பிரெட், வாற நேரமெல்லாம் அமுங்கிச்சு. சத்தத்தைச் சமப்படுத்திற கம்ப்ரஸர் போட்டுப் பார்த்தன். ஒவ்வொரு இடமா வால்யூமைக் கையால ஏத்திப் பார்த்தன். சரிவரல்ல. கம்பியும் பழசு. புதுக் கம்பி ஒரு செட் வாங்கி வெச்சிருந்தன், நீங்க தொடவேயில்ல. "ஜேமர்சன் கம்பி அறுந்தாத்தான் மாத்துவார்" எண்டீங்க. அவர் டெட்ராயிட்டில மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனிக்குப் பேஸ் வாசிச்ச ஆள், அத்தான். அவருக்குச் சரி. என்ட அறைச் சுவரில முட்டை மட்டை.

இப்ப ஹெட்போனைப் போட்டு உங்கட ட்ராக்கை மட்டும் தனிய விட்டன். மூண்டாம் தரம் கேக்கக்குள்ளதான் அலுமாரி ஞாபகம் வந்திச்சு.

அக்காட சீதன அலுமாரி. கரண்ட் இல்லாத காலம், அம்ப்ளிஃபயர் மூலைக்குள்ள சும்மா கிடக்கும். பேஸுக்கு வயித்தில பொந்தும் இல்ல, தனிய வாசிச்சா நுளம்பு பாடுற அளவுக்குத்தான் கேக்கும். நீங்க பாயில இருந்து, கிட்டாரிட தலைப்பக்கத்தை அலுமாரிக் கதவில முட்டக் குடுத்து வாசிப்பீங்க. முழு அலுமாரியும் பாடும். நான் மற்றக் கதவில காதை வெச்சுக்கொண்டு இருப்பன், எனக்குப் பதினொண்டு வயசிருக்கும். குப்பி லாம்பு வெளிச்சம். கதவு நீக்கலுக்குள்ளால பூச்சி உருண்டை மணம். டச்பார்ப் பக்கம் பறங்கியர் கல்யாண வீட்டுக்கு எண்டு கபரிஞ்ஞா ஆட்டப் பாட்டுப் பழகுவீங்க, அந்த ஆறுக்கு எட்டுத் தாளம் என்ட கன்னத்தில குதிக்கும். மறுகா மாமாங்கத் திருவிழா மேடைக்குச் சினிமாப் பாட்டு. மறுகா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு. எல்லாம் அந்த ஒரு கதவுக்குள்ளால.

மேல் தட்டில அம்மாட பீங்கான் கோப்பை ஆறு. வேற எந்த நோட்டுக்கும் அசையாது. தாழ்ந்த ஜி வந்தா மட்டும் ஆறும் சேர்ந்து கிடுகிடுக்கும். ஏணைக்குள்ள மருமகள் முழிச்சு வீரிடுவா. அக்கா அடுப்படியில நிண்டு கிறுகி ஒரு பார்வை பார்ப்பா. மறுகா நீங்க ஜி வரக்குள்ள மட்டும், வலக்கை உள்ளங்கை ஓரத்தால கம்பியைத் தொட்டு, தூங்கிற பிள்ளையைப் பாயில வளத்துற மாதிரி மெதுவா வெச்சிட்டுப் போவீங்க. அது 49 ஹெர்ட்ஸ் எண்டு எத்தினையோ வருசத்துக்குப் பிறகு படிச்சன். அப்ப எனக்கு அது கோப்பை நோட்.

கொழும்பில சொல்லு விளங்காமலே சிங்களப் பாட்டுகளுக்கு வாசிச்சீங்க. வளைகுடாவில ஹோட்டல் லாபியில, ஒருத்தரும் கேக்காத நேரத்தில வாசிச்சீங்க. மறுகா கப்பல். எங்க போயும் அந்தக் கை பிள்ளையை எழுப்பாமத்தான் வாசிச்சிருக்கு. அதைத்தான் நான் பிழை எண்டு எடுத்துப் போட்டன்.

(சண்டைக் காலத்து மேடைகளைப் பற்றி இங்க எழுத மாட்டன். போனாலும் பிரச்சினை, போகாட்டியும் பிரச்சினை. இங்க இருந்தவங்களுக்கு விளங்கும்.)

மன்னிப்புக் கேக்கத்தான் தொடங்கினன். ஆனா எனக்கும் ஒண்டு கிடக்கு. 2004 டிசம்பர் 26. நீங்க கப்பலில. கடல் வீட்டுக்குள்ள வந்து போய் மூண்டாம் நாள்தான் உங்களுக்கு லைன் கிடைச்சுது. அக்காவைக் கேட்டீங்க, பிள்ளையைக் கேட்டீங்க. மறுகா, "அலுமாரி கிடக்கா?" எண்டு கேட்டீங்க. நான் சேத்தைக் கிண்டி ஆக்களைத் தேடிக்கொண்டு நிண்டவன். ஒண்டும் சொல்லாம போனை அக்காட கையில குடுத்திட்டு நடந்திட்டன். 2013-ல மியூட் பட்டனை அமத்தக்குள்ள அந்தக் கோவமும் விரலில இருந்ததோ, சத்தியமாத் தெரியாது. நீங்க இல்லாத வருசங்களில அக்கா எப்பிடி வீட்டைக் கொண்டு நடத்தினா எண்டதை இதில எழுதல்ல. அக்கா இதை வாசிப்பா.

அந்தக் கீபோர்டும் உங்கட கப்பல் காசில வாங்கினதுதான். அதை ஒருத்தரும் எனக்கு ஞாபகப்படுத்த வேணாம்.

மோட்டவுன் இசைத்தட்டுகளில வருசக்கணக்கா ஜேமர்சனிட பேரே இல்ல, 1971-ல பாடகர் மார்வின் கேயிட இசைத்தட்டிலதான் போட்டாங்க எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பீங்க. அந்தாள் வாசிச்சார், பேர் இல்ல. உங்களுக்கு நான் பேரைத் தந்து வாசிப்பை எடுத்தன். களுவாஞ்சிக்குடிக் கல்யாண வீட்டில ஒரு பொடியன் வந்து, அந்தப் பாட்டில பேஸ் சுப்பர் அண்ணன் எண்டு கையைப் பிடிச்சானே. நீங்க சிரிச்சுப்போட்டுச் சோத்தைப் பிசைஞ்சீங்க. பக்கத்தில இருந்த என்னைப் பார்க்கல்ல. ரெண்டு வரி கேட்டாலே எந்தக் கம்பி, எந்த விரல் எண்டு சொல்ற ஆளுக்கு அது ஆருட பேஸ் எண்டு தெரியாமலா? ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே அத்தான். அண்டைக்கே ஏசியிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும். உங்கட பெரிய மனசை இவ்வளவு காலமும் நான்தான் சுமந்தன்.

பாட்டைத் திருப்பி மிக்ஸ் பண்ணிட்டன். உங்கட பேஸ்தான். ஜி-யை ஏத்தல்ல. காசு போட்டவருக்கு இன்னும் சொல்லல்ல, அவர் கத்தட்டும்.

ஒண்டு மட்டும் நீங்க சொல்லணும். பாட்டு முடிஞ்சாப் பிறகும் உங்கட ட்ராக்கில ஏழெட்டு செக்கன் கிடக்கு. அதை வெட்டவா, விடவா? கடைசி சி தேய்ஞ்சு போகுது, நீங்க கம்பியில கையை வெச்சு அமத்துற சத்தம் கேக்குது. மறுகா "காணுமா மச்சான்?" எண்டு கேக்கிறீங்க.

"காணும் அத்தான், அருமை" எண்டு என்ட குரல்.